அரை நாளில் கடைத்தெரு

கொழும்பிற்குக் காரியமாக வருகின்ற வெளியூர் அன்பர்களின் சட்டைப்பையில் இரண்டு கடிதாசிகள் இருப்பது வழக்கம். ஒன்று, கந்தோரிலே கொடுக்க வேண்டிய விண்ணப்பம். மற்றையது, புறப்படும்போது வீட்டார் எழுதிக் கொடுத்த சாமான் பட்டியல். முன்னதைப் பற்றி நாம் சொல்லக்கூடியது யாதுமில்லை. அது மேசைக்கு மேசை நகர்ந்து தன் விதிப்படி நடக்கும். பின்னதைப் பற்றியே இவ்வாரம் எழுத எண்ணுகிறோம்.

நாம் குடியிருக்கும் ஜிந்துப்பிட்டி, செட்டியார் தெருவுக்கும் கொட்டாஞ்சேனைக்கும் அயலிலே, சிவசுப்பிரமணிய சுவாமி கோவில் மணியோசை காதில் விழும் தூரத்தில் அமைந்தது. புறக்கோட்டைக் கடைகளுக்கு இங்கிருந்து வாகனம் தேவையில்லை; கால்களே போதும். இக்காரணத்தால், யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, பதுளை என எத்திசையிலிருந்து வரும் உறவினரும் நண்பரும், கந்தோர் வேலை முடிந்த கையோடு நம் வாசலில் வந்து நின்று, "மாஸ்டர், இதெல்லாம் எங்கே வாங்கலாம்?" என்று பட்டியலை நீட்டுவர். இருபது வருடங்களாக இந்தக் கேள்விக்கு விடை சொல்லி வருகிறோம். இப்பொழுது கேள்வியையே சற்று மாற்றிக் கேட்க வேண்டுமென்று தோன்றுகிறது.

முதலில் அவர்களிடமுள்ள நேரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இரவு பஸ்ஸில் வருபவர் விடியற்காலையில் வந்து இறங்குவார். கல்வி அமைச்சுக்குப் போக வேண்டியவராயின் பத்தரமுல்லையிலுள்ள இசுருபாயவிற்குச் செல்ல வேண்டும். வரிசையில் நின்று, எழுதுவினைஞர் ஒருவர் மற்றொருவரைக் காட்ட, அவர் தேநீருக்குப் போயிருக்க, ஒருவாறு காரியம் முடித்துப் புறக்கோட்டை திரும்பும்போது பிற்பகல் இரண்டு மணியாகிவிடும். இரவு மீண்டும் பஸ். மாலையில் புறக்கோட்டைக் கடைகள் ஒவ்வொன்றாகக் கதவை இழுக்கத் தொடங்கும். எஞ்சியிருப்பது நான்கு மணி நேரம். அதனுள்ளே சாப்பாடும் அடக்கம்.

நேரத்தைவிட முக்கியமானது மற்றொன்று. யாழ்ப்பாணம் இங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். கொழும்பிலே இருப்பவன் இன்று வாங்கிய பொருள் பழுதென்றால் நாளைக்குக் கொண்டுபோய்க் கடைக்காரனோடு வாதாடலாம். வெளியூரவர் அவ்வாறு வர இயலாது. ஆகவே, "எங்கே மலிவு?" என்பதன்று அவர் கேட்க வேண்டிய கேள்வி. "திரும்பிக் கொண்டுவர முடியாத நான் எதை இங்கே வாங்கலாம், எதை வாங்கலாகாது?" என்பதே கேள்வி. கண்ணாலும் கையாலும் மூக்காலும் அவ்விடத்திலேயே தேர்ந்துகொள்ளக் கூடியதைத் தாராளமாக வாங்கலாம். வீட்டுக்குப் போய்ப் பாவித்துப் பார்த்த பின்னர்தான் தரம் தெரியும் என்பதைச் சொந்த ஊரிலேயே வாங்குவது நன்று.

நமக்கு அறிமுகமான ஆசிரியர் ஒருவர், மன்னாரைச் சேர்ந்தவர், இடமாற்றம் தொடர்பாக வந்தவர், முதலாம் குறுக்குத் தெருப் பக்கத்திலே ஒரு கடையில் மின்சார அரைவை இயந்திரம் ஒன்று வாங்கினார். ஊர் விலையிலும் பார்க்க ஆயிரத்து ஐந்நூறு ரூபா குறைவு என்று மகிழ்ச்சி. மூன்றாம் வாரம் இயந்திரம் நின்றுவிட்டது. உத்தரவாத அட்டையை எடுத்துப் பார்த்தால், கடை முத்திரையும் இல்லை, திகதியும் இல்லை. தொலைபேசியிற் கேட்டபோது, "கொண்டு வாருங்கள், பார்க்கலாம்" என்று பதில் வந்தது. கொண்டுவரும் பஸ் கூலியும் ஒரு நாள் லீவும் இலாபத்தை விழுங்கிவிடும் என்பதைக் கணக்காசிரியரான அவருக்கு நாம் விளக்கத் தேவையில்லை. அந்த இயந்திரம் இன்றும் அவர் வீட்டுப் பரணில் இருக்கிறது. அவ்வீதியில் நேர்மையான வியாபாரிகள் நிறையவே உளர்; குற்றம் தெருவினுடையதன்று. ஆயினும் மின்சாரப் பொருள் வாங்க வேண்டியே இருந்தால், கடையிலேயே ஓட்டிப் பார்த்து, உத்தரவாத அட்டையில் முத்திரையும் திகதியும் இடுவித்து, பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குக. பற்றுச்சீட்டுக் கேட்பது கடைக்காரரை அவமதிப்பதாகும் என்று நம்மவரிற் பலர் கூச்சப்படுகின்றனர். கேட்பவருக்கு அதனைக் கொடுக்க வேண்டுமென்பது 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். அச்சபைக்கு முறையிட 1977 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு.

இனிப் புறக்கோட்டைக்குள் புகுவோம். கோட்டைக்குப் புறத்தே இருப்பதால் தமிழிலே புறக்கோட்டை. சிங்களத்திலும் அதே பொருளில் பிட்டகொட்டுவ. ஆங்கிலத்தில் 'பெட்டா' என்பது நம்முடைய 'பேட்டை'யே. ஒல்லாந்தர் நேர்கோடுகளாக வகுத்த தெருக்கள் இவை. கெய்சர் வீதி, பிரின்ஸ் வீதி என்று அவர்களுடைய சக்கரவர்த்தியும் இளவரசனும் இன்னும் பெயர்ப்பலகைகளில் வாழ்கின்றனர். பழைய நகர மண்டபத்துப் பக்கம் கைமன்ஸ் கேற் எனப்படுகிறதே, அந்தக் 'கைமன்' முதலை! கோட்டை அகழியிலே முதலைகள் கிடந்த காலத்தில் ஏற்பட்ட பெயர். இன்று முதலைகள் அகழியில் இல்லை என்று மட்டும் சொல்லி மேலே செல்கிறோம்.

ஒரு தெருவுக்கு ஒரு தொழில் என்பதே இப்பேட்டையின் இலக்கணம். இதனை அறியாதவர், பிரதான வீதி முகப்பிலே கான் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கி, கண்ட முதற் கடையிலே எல்லாவற்றையும் கேட்டு, நான்கு மணி நேரத்தையும் அங்கேயே செலவிடுவர். அறிந்தவர் நேரே உரிய தெருவுக்குப் போவர். புடைவையும் சீத்தைத் துணியும் பிரதான வீதியிலும் கெய்சர் வீதியிலும் இரண்டாம் குறுக்குத் தெருவிலும். 1909இல் கட்டி முடிக்கப்பட்ட, சிவப்பும் வெள்ளையுமாக மாதுளை முத்துப் போன்ற பள்ளிவாசலை அடையாளமாகக் கொண்டால் இரண்டாம் குறுக்குத் தெரு தப்பாது. வெங்காயம், செத்தல் மிளகாய், சீனி, பருப்பு, மாசி ஆகிய பலசரக்கு மொத்த வியாபாரம் நான்காம், ஐந்தாம் குறுக்குத் தெருக்களில். வாகன உதிரிப்பாகம் தேடுபவர் புறக்கோட்டையிலே அலையாமல் மருதானைக்கு அப்பால் பஞ்சிகாவத்தைக்குப் போவதே முறை.

நான்காம் குறுக்குத் தெருவில் நடப்பவர், பின்னாலிருந்து வரும் அதட்டற் குரலுக்கு உடனே ஒதுங்கிக்கொள்ள வேண்டும். மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியோடு வரும் நாட்டாமைமாரின் குரல் அது. அவர்கள் நின்றால் வண்டி மீண்டும் நகர்வது கடினம். நாம் ஒதுங்குவது எளிது. கொழும்பு உண்ணும் அரிசியும் பருப்பும் பல தலைமுறையாக அவர்கள் தோளிலே ஏறி இறங்கியவைதாம். அலுவலகக் காற்சட்டையோடு வருபவர் முகஞ்சுளிப்பதைக் கண்டிருக்கிறோம், அது அழகன்று.

வெளியூரவருக்கு நாம் முதன்மையாகச் சிபாரிசு செய்யும் இடம், பெரும்பாலோர் அறியாது கடந்துபோகும் காபோஸ் லேன் என்ற சிறு சந்து. ஐந்தாம் குறுக்குத் தெருப் பக்கமாகப் போனால், விசாரிக்க வேண்டிய அவசியமில்லை. வாசனையே வழி காட்டும். சாக்கு வாய்களைச் சுருட்டிவிட்டு, கடுக்காய், தான்றிக்காய், நெல்லிமுள்ளி, சித்தரத்தை, அதிமதுரம், வசம்பு, திப்பிலி என வைத்திய வாகடமே தெருவிற் பரப்பியிருப்பது போலத் தோன்றும். பிள்ளைப்பேற்று வீட்டுக்குக் காயச் சரக்கு வேண்டுமென்று ஊரிலிருந்து எழுதிவிட்டால், இங்குள்ள பழைய வியாபாரி பட்டியலைப் பாராமலே பொட்டலங்கட்டுவார். நாம் மேலே சொன்ன பரீட்சைக்கு இப்பொருள்கள் முற்றும் இணங்கும். திப்பிலியை ஒடித்துப் பார்க்கலாம். அதிமதுரத்தைக் கடித்துப் பார்க்கலாம். பூச்சி அரித்ததா, பழையதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். பாரம் குறைவு, பழுதாகாது, ஊரிலே இத்தனையும் ஓரிடத்திற் கிடைப்பதரிது.

இப்பொழுது செட்டியார் தெரு. இங்கே சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் கடல் தெரு, நம் வாயிற் செட்டியார் தெரு. நாட்டுக்கோட்டைச் செட்டிமார் வட்டிக்கடையும் அரிசிக் கடையும் வைத்திருந்த காலம் போய், நகைக் கடைகளின் தெருவாக அது நெடுங்காலமாக விளங்குகிறது. பழைய கதிரேசன், புதிய கதிரேசன் என்று அவர்கள் எடுப்பித்த இரண்டு கோவில்களும் அங்கே நிமிர்ந்து நிற்கின்றன. ஆடி வேல் விழாவுக்கு இரதம் புறப்படும் நாளில் நகை வாங்க வருபவர் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கடைக்குள் நுழைய வழியிராது. இலங்கையில் இன்றைய தங்க விலை யாதெனப் பத்திரிகைகள் எழுதும்போது இத்தெருவின் விலையையே எழுதுகின்றன.

வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் ஒரு பெண்ணுக்குக் கலியாணம் நிச்சயமானால், கொழும்புக்கு அலுவலாகப் போகும் எவரேனும் ஒருவரிடம் நகைக் காரியத்தை ஒப்படைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இவ்வழக்கத்தை நாம் ஆதரிக்கவில்லை. காரணத்தையும் சொல்கிறோம்.

ஒரு பவுண் என்பது 8 கிராம். ஆபரணத் தங்கம் 22 கரட். ஆயிரத்தில் 916 பங்கு பசும்பொன், எஞ்சியது செம்பு முதலியன. இவ்வளவையும் யாரும் விரைவிற் கற்றுக்கொள்ளலாம். சிக்கல் செய்கூலியிலும் சேதாரத்திலும் இருக்கிறது. 2 பவுண் சங்கிலிக்கு நூற்றுக்குப் பத்து வீதம் சேதாரம் என்றால், 1.6 கிராம் தங்கத்தின் விலையை, அது கழுத்தில் ஏறாமலே, கொடுக்கிறோம். இந்த வீதம் கடைக்குக் கடை, வேலைப்பாட்டுக்கு வேலைப்பாடு வேறுபடும், பேசினாற் குறையும். பழைய நகையைக் கொடுத்துப் புதியது வாங்குவதென்றாலோ, கல்லின் எடை, உள்ளே நிரப்பிய அரக்கின் எடை, உருக்கும்போது கழிப்பது என்று கணக்கு நீளும். இதையெல்லாம் பேசித் தீர்க்க ஒரு பகல் வேண்டும்; பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று கைக்கடிகாரத்தைப் பார்க்கும் வாடிக்கையாளனிடம் எந்த வியாபாரியும் வீதத்தைக் குறைக்க மாட்டான்.

2022இல் டொலர் ஒன்று 200 ரூபாவிலிருந்து சில வாரங்களுள் 360க்கு மேலே ஏறியபோது தங்கத்தின் விலையும் கூடவே பாய்ந்தது. அவ்வருடத்தில் ஒரு நாள், கிளிநொச்சியிலிருந்து ஓய்வூதியக் காரியமாக வந்த எழுதுவினைஞர் ஒருவர் மத்தியானம் நம் வீட்டிற்கு வந்தார். கைக்குட்டையிலே முடிந்து இரண்டு காப்புகள் கொண்டுவந்திருந்தார். அயல்வீட்டு விதவைத் தாயொருத்தியின் காப்புகள். அவற்றைக் கொடுத்து, மகளின் கலியாணத்துக்கு ஒரு சோடி தோடும் ஒரு சங்கிலியும் வாங்கிவரும்படி சொல்லியிருந்தாள். ஒரு கடையில் காப்பை உரைத்துப் பார்த்து, "இதற்குத் தோடு மட்டுமே வரும், உடனே உருக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவருக்கோ ஒன்றும் விளங்கவில்லை. மறுத்தால் வெறுங்கையோடு போக வேண்டும், சம்மதித்தால் ஊரிலே என்ன விடை சொல்வது என்று தவித்தார்.

கடைக்காரர் சொன்ன கணக்குச் சரியாகவே இருந்திருக்கலாம். ஆயினும் உருக்கிய பொன் மீண்டும் காப்பாகாது. அந்தத் தாய் இடம்பெயர்ந்து ஓடிய நாட்களிலும் கழற்றி விற்காமல் வைத்திருந்தவை அவை என்பதை அவரே சொன்னார். உரியவள் கண் முன்னே நில்லாமல் அவற்றை நெருப்பிலிடச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை என்பது நம் கருத்து. "தம்பி, முடிச்சை அவிழ்க்காமற் கொண்டுபோய்க் கொடும், நிறையையும் மாற்றையும் ஒரு துண்டில் எழுதுவித்து எடுத்துச் செல்லும்" என்றோம். அவர் அவ்வாறே செய்தார். இரண்டு மாதங்களின் பின்னர் தாயும் மகளும் தாமே வந்து, நம் இல்லத்தாளுடன் நான்கு கடை ஏறி இறங்கினர். ஒரு காப்பை உருக்கித் தோடு செய்வித்தார்கள். மற்றையது தாயின் கையிலே திரும்பிப் போயிற்று. சங்கிலி வாங்கவில்லை.

ஆகவே அலுவலாக வருபவர் செட்டியார் தெருவிலே விலை விசாரிக்கலாம், செய்கூலியும் சேதாரமும் எவ்வளவு என்று நான்கு கடைகளில் எழுதி வாங்கலாம், வடிவங்களைத் தொலைபேசியிற் படம் பிடித்து வீட்டாருக்கு அனுப்பலாம். வாங்கும் நாளிலே உரியவர்கள் வரட்டும். மாற்றிலே ஐயம் தோன்றினால், தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகார சபையிலே சோதிப்பித்துக்கொள்ளவும் வழியுண்டு.

முன்பெல்லாம் நம் பெரியோர் இவ்வளவு ஆராயவில்லையே என்று கேட்பர். அவர்கள் கடையை ஆராயவில்லை, கடைக்காரரை அறிந்திருந்தனர். பாட்டனாருக்குத் தாலி செய்து கொடுத்த கடையிலே பேரனுக்கும் செய்வித்தனர். 1983 ஆடிமாதத்துத் தீ அந்தத் தொடர்பைப் பல இடங்களில் அறுத்துவிட்டது. புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் தமிழருடைய கடைகள் எரிந்தன. சிலர் சாம்பலை ஒதுக்கிவிட்டு அதே இடத்திலே மீண்டும் பெயர்ப்பலகை மாட்டினர். சிலர் கப்பலேறிப் போனவர்கள் போனவர்களே. பழைய கடையின் பெயரைச் சொல்லித் தேடி வரும் முதியவர்களை இன்றும் தெருவிலே சந்திக்கிறோம். அப்பெயர் இப்பொழுது இல்லையென்று சொல்வது நமக்கு விருப்பமான பணியன்று.

பொன் விற்கும் அதே செட்டியார் தெருவில் பூபாலசிங்கம் புத்தகசாலையும் இருக்கிறது என்பதை ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் சொல்லாமல் விடுவது எப்படி? யாழ்ப்பாணத்திலே 1981இல் நூலகம் எரிந்த நாட்களில் அங்கிருந்த பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரியுண்டது. பின்னர் மீண்டும் எழுந்தது. கொழும்பிலே செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தைக் காலி வீதியிலும் அதன் கிளைகள் உண்டு. பீப்பிள்ஸ் பார்க் கட்டடத்திலே சேமமடு பொத்தகசாலையும் இருக்கிறது. தமிழகத்துப் பதிப்புகளும் ஈழத்து எழுத்தாளர் நூல்களும் பக்கம் பக்கமாக அடுக்கியிருக்கும். புத்தகம் வாங்குவதற்கு முன் பிரித்துப் பார்க்கலாம், தாள் விடுபட்டதா என்றும் பார்க்கலாம், செய்கூலியில்லை, சேதாரமில்லை. பட்டியலில் யாரும் எழுதிவிடாத பொருள் இது என்பதே ஒரே குறை.

வெள்ளவத்தையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாற் போதும். கோட்டையிலிருந்து கரையோர ரயிலில் ஏறினால், கடற்காற்றோடு ஐந்தாவது தரிப்பிடமே வெள்ளவத்தை. புறக்கோட்டையிலிருந்து 100, 101 இலக்க பஸ்களும் அவ்வழியே செல்கின்றன. காலி வீதி நெடுகிலும் சேலைக் கடைகள். நெருக்கடி குறைவு, காற்றாடியின் கீழ் இருந்து பார்க்கலாம், தமிழிற் பேசலாம், விலை புறக்கோட்டையை விடச் சற்றுக் கூட. மனைவிக்குச் சேலை எடுக்க விரும்பும் ஆடவருக்கு நாம் சொல்வது: நிறத்தைத் தாமே தீர்மானிக்க வேண்டாம்.

பட்டியலைக் கையில் எடுத்ததும், வாங்க வேண்டியதைத் தேடுமுன், வேண்டாததை வெட்டுக. வடக்கிலிருந்து வரும் பட்டியல்களில் மின்கலம், சவர்க்காரம், மெழுகுவர்த்தி, அப்பியாசக் கொப்பி என்று எழுதியிருப்பதை இன்றைக்கும் காண்கிறோம். தடையும் தட்டுப்பாடுமாக இருந்த தொண்ணூறுகளில், மின்கலம் ஒன்றுக்குத் தவமிருந்த வீடுகள் அவை. கொழும்பிலிருந்து வருபவரிடம் எதையாவது சொல்லிவிட வேண்டும் என்பது அக்காலத்துத் தாய்மாரின் கையில் ஊறிவிட்டது. 2009இல் யுத்தம் முடிந்து ஏ9 வழி திறந்தபின் லொறிகள் இரவு பகலாக ஓடுகின்றன. சவர்க்காரம் யாழ்ப்பாணத்துக் கடைகளிலே குவிந்து கிடக்கிறது. எழுதியவரைப் பரிகசிக்காமல், அவ்வரிகளை மட்டும் மெல்ல அடித்துவிடுக. பை பாதியாகும்.

நாள் பார்த்து வருவதும் அவசியம். ஞாயிற்றுக்கிழமையும் போயா தினமும் புறக்கோட்டைக் கடைகளிற் பெரும்பாலானவை பூட்டியிருக்கும். நடைபாதை வியாபாரமே நடக்கும். அங்கே சொல்லும் விலையைப் பாதியாகக் கேட்பதில் பாவமில்லை, ஆனால் கேட்டபின் வாங்காமற் போவது மரியாதையன்று. வெள்ளிக்கிழமை மத்தியானம் முஸ்லிம் வியாபாரிகள் தொழுகைக்குச் செல்வர். அந்நேரத்தில் சாப்பாட்டை முடித்துக்கொண்டால் இருதரப்புக்கும் வசதி. காய்கறிக்காக மனிங் சந்தையைத் தேடி எவரும் புறக்கோட்டைக்கு வர வேண்டாம். அது பேலியகொடைக்குப் பெயர்ந்துவிட்டது.

பாரமான பையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகத் திரியாதபடி, வாங்குவதை இலேசானதிலிருந்து தொடங்குக: முதலிற் காபோஸ் லேன், பிறகு துணி, அதன்பின் செட்டியார் தெருவிலே விலை விசாரணை, கடைசியாகப் புத்தகம். புத்தகசாலையை விட்டு வெளியே வரும்போது மாலை ஆறு மணியாகியிருக்கும். ஜிந்துப்பிட்டிச் சந்தி அங்கிருந்து எட்டும் தூரம். பஸ்ஸுக்கு நேரமிருந்தால் ஒரு கோப்பை தேநீர் குடித்துவிட்டுப் போகலாம்.